வெள்ளைக் கட்டு இருந்த தட்டு

மாமா எனக்குத் தனிக்கடை வைத்துத் தந்தது என்மேல் இருந்த நம்பிக்கையினால் அல்ல. கல்முனையில் இருந்த அவருடைய பெரிய பிடவைக்கடையில் நான் நின்றால், வருகிறவர்கள் என்னோடு கதைத்துச் சிரித்துவிட்டுத் துணி வாங்க மறந்து போகிறார்கள் என்று கண்டுபிடித்திருந்தார். வந்த ஒருவர் ஆறு யார் அளவுத் துணிக்குப் பதிலாக ஆறு பகிடியோடு வீட்டுக்குப் போய், மனைவியிடம் ஏச்சு வாங்கியதாகக் கேள்வி.

"மருமகன், நீங்க சவளக்கடைப் பக்கம் போய் நில்லுங்க. அங்க ஆக்கள் குறைவு. சிரிச்சாலும் நட்டம் குறைவு" என்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். போன இடத்தில் மாமனார் எதைச் சொன்னாலும் "ஓம் மாமா" என்பதுதான் மாப்பிள்ளையின் முழுநேர வேலை. நான் அதை நன்றாகச் செய்தேன். மற்றதெல்லாம்தான் பிழையாய்ப் போனது.

இதில் ஒரு பெண் மௌத்தாகிறாள், இறந்துபோகிறாள். அதை முதலே சொல்லிவிடுகிறேன். சிரித்துக்கொண்டே வாசித்து வந்துவிட்டுப் பிறகு என்னை ஏசக்கூடாது.

எழுபத்தேழு முடிகிற காலம். புது அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டிருந்தது. அதுவரை கூட்டுறவுக்கடை வாசலில் வரிசையில் நின்று, கிடைத்த சீத்தைத் துணியைக் கிடைத்த நிறத்தில் வாங்கிக்கொண்டு வந்த சனம், திடீரென்று நிறம் கேட்கத் தொடங்கியது. பெரிய கடையில் அது பிரச்சினையில்லை. அங்கே சுவர் முழுக்க இறாக்கை. சவளக்கடைச் சந்தியில் எனக்குக் கிடைத்த கடையில் மூன்றே இறாக்கை, ஒவ்வொன்றிலும் நாலு தட்டு. பன்னிரண்டு தட்டுக்குள் உலகத்தில் உள்ள துணியில் எதை வைப்பது, எதை விடுவது என்பதுதான் கேள்வி. ஒன்று உள்ளே வரவேண்டுமென்றால் இன்னொன்று வெளியே போகவேண்டும்.

முதல் நாள் சாமான் ஏற்றும்போது மாமா பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டாகத் தொட்டுச் சொன்னார்.

"பெரிய கடைக்கு ஆக்கள் பாக்க வருவாங்க. சின்னக் கடைக்கு ஓடி வருவாங்க. ஓடி வாறவனுக்கு என்ன வேணுமோ அத வையுங்க."

"ஓடி வாறவனுக்குத் தண்ணிதான் மாமா வேணும்."

அவர் சிரிக்கவில்லை. அவர் என் பகிடிக்குச் சிரித்ததை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. என் மனைவியும் கண்டதில்லை. அந்தக் குணம் அவளுக்கும் வந்திருந்தது.

வயலுக்கு உடுக்கச் சாரன், இரண்டு தட்டு. பிள்ளை பிறந்தால் சுற்ற மெல்லிய துணி. சட்டைக்குச் சீத்தை. நுளம்புவலை. பாவாடைத் துணி. பள்ளிக்கூட வெள்ளை மார்கழியில் வந்து தையில் முடிந்துவிடும். இவ்வளவும் ஏற்றிய பிறகு, தடித்த வெள்ளைப் பருத்தியில் ஒரு முழுக் கட்டு. அதை மாமா தன் கையாலேயே தூக்கி வைத்தார்.

"இது ஒரு கட்டு எப்பவும் இரிக்கணும். பாதிக்கு வந்தா எனக்குச் சொல்லி அனுப்புங்க."

"இது ஓடுமா மாமா?"

என்னை ஒருமுறை பார்த்தார். "இரிக்கணும்" என்றார்.

அது கபன் துணி, மௌத்தானவர்களைச் சுற்றி அடக்குகிற துணி. எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கடைக்குள் யாரும் சொல்வதில்லை. விற்கிறவரும் சொல்லமாட்டார், வாங்குகிறவரும் சொல்லமாட்டார். வருகிற ஆள் வாசலில் நின்று, "வெள்ளையில தாங்க" என்பார். எத்தனை யார் என்று சொல்லுவார். அந்த அளவைக் கேட்டாலே போனது ஆணா, பெண்ணா, சிறு பிள்ளையா என்று விளங்கிவிடும். விலை பேசமாட்டார்கள். மாமா அதற்குக் கத்திரிக்கோல் எடுக்கமாட்டார். ஓரத்தில் பல்லால் ஒரு கீறு வைத்துக் கையால் கிழிப்பார். அந்தச் சத்தத்துக்குக் கடையில் நிற்கிற எல்லோரும் வாய்மூடுவார்கள். கொடுத்த பிறகு "போயிட்டு வாங்க" என்று சொல்வதில்லை. தமிழ் ஆட்களும் தங்கள் வீட்டுச் சாவுக்கு அதே கட்டிலிருந்துதான் வாங்கினார்கள். அவர்களும் "வெள்ளையில தாங்க காக்கா" என்பார்கள், அவ்வளவுதான். ஒரு கட்டு, இரண்டு சனம், ஒரே வாசகம்.

நான் கடை திறந்த முதல் ஆறேழு மாதத்தில் அந்தக் கட்டு இரண்டு முறைதான் கீழே இறங்கியது. மற்ற நாளெல்லாம் கண்மட்டத்தில், நல்ல தட்டில், சும்மா இருந்தது. கடையில் சும்மா இருந்தது அதுவும் நானும்தான்.

சும்மா இருக்கிற மூளைக்கு என்ன வரும்? எனக்கு ஒரு கொப்பி வந்தது.

விற்றதை எல்லாக் கடைக்காரரும் எழுதுவார்கள். கேட்டு, இல்லை என்று திருப்பி அனுப்பியதை யாரும் எழுதுவதில்லையே என்று ஒருநாள் எனக்குப் பொறி தட்டியது. ஒரு கொப்பி வாங்கி, முகப்பில் பெரிய எழுத்தில் 'இல்லை' என்று எழுதினேன். யார் வந்து எதைக் கேட்டு நான் இல்லை என்றேனோ, அது அதில் ஏறும். அதே சாமானை இன்னொருவர் கேட்டால் பக்கத்தில் ஒரு கோடு. கோடு கூடியதை வாங்கிப் போடுவது, கோடே விழாததைக் கழிப்பது. பெரிய கடை நடத்துகிற மாமாவுக்குத் தெரியாத வித்தையை ஓ/எல் சோதனையில் கணக்குப் பாடம் இரண்டுமுறை பெயிலான நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று மீசையைத் தடவினேன். மீசையும் அப்போது அரைகுறைதான்.

பக்கத்துத் தேத்தண்ணிக்கடைக்காரர் அந்தக் கொப்பியைக் கண்டு இருமல் வரும்வரை சிரித்தார். நாற்பது வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை, அவரும் அவருடைய மனைவியும்தான். கடைக்குப் பின்னால் களிமண் சுவர் வைத்த வீடு. சந்தியில் எல்லோரையும்போல அவரும் என்னை 'கல்முனை மருமகன்' என்றுதான் கூப்பிடுவார். அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரைக் காக்கா என்பேன்.

"இரிக்கிறதுக்குக் கொப்பி இல்ல. இல்லாததுக்கு ஒரு கொப்பியா? அப்ப என்ட கடைக்கும் ஒண்டு வாங்கித் தாங்க மருமகன். பாலும் இல்ல, சீனியும் இல்ல எண்டு எழுதுவம்."

"உங்கட கடையில தேத்தண்ணியே இல்லையே காக்கா. அத முதல் எழுதுங்க."

"குடிச்சிட்டுத்தானே கதைக்கீங்க!"

அவருடைய மனைவிதான் என் கொப்பியின் முதல் பக்கம். அக்கா முறையில் ராத்தா என்று நான் கூப்பிடுவேன். வியாழன் பின்னேரங்களில், சந்தியில் ஆண்கள் குறைந்த நேரம் பார்த்து, இரண்டு அயல்வீட்டுப் பெண்களோடு முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வருவார். பஸ்ஸில் ஒரு ரீச்சர் உடுத்திருந்ததைக் கண்டாராம்: நீலத்தில் வெள்ளைப்பூப் போட்ட நைலக்ஸ் சாறி. பூ எவ்வளவு பெரிது என்று விரலை மடக்கிக் காட்டினார்.

"அப்படி ஒண்டு வந்தா வைங்க தம்பி."

கொப்பியில் ஏற்றினேன். அடுத்த வியாழன் திரும்பக் கேட்டார். கோடு. கூட வந்த பெண்களும் கேட்டார்கள். கோடு, கோடு. வேறு வீடுகளிலிருந்தும் செய்தி வந்தது. ஆடி ஆவணி ஆனபோது நீலப்பூ நைலக்ஸுக்கு நேரே என் கொப்பியில் கோடுகள் வேலி கட்டியதுபோல் நின்றன. வெள்ளைக் கட்டுக்கு நேரே ஒரு கோடும் இல்லை. எப்படி இருக்கும்? அது கடையில் இருந்தது. இருந்ததால் அதை நான் இல்லை என்று சொன்னதில்லை. அது போக, நாளைக்கு எனக்கு வெள்ளை வேணும் என்று முதல்நாள் வந்து யாராவது கேட்டுவைப்பார்களா? இந்தச் சின்ன விஷயம் அன்றைக்கு என் மண்டைக்குள் ஏறவில்லை. வெறும் பக்கத்தைப் பார்த்து, 'ஓடாத சாமான்' என்று எழுதினேன். அடிக்கோடும் போட்டேன்.

மாமாவிடம் கேட்டால் விடமாட்டார். ஆகவே களவாக வேலை பார்த்தேன். களவென்றாலும் ஒன்றையும் எடுக்கவில்லை, கொண்டுபோய்ப் போட்டேன். தன் சாமானைத் தன் மாமாவின் கடைக்குள் கடத்திய கள்ளன் எங்கள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஐப்பசியில் ஒருநாள், அவர் லுஹர் தொழப் பள்ளிக்குப் போன நேரம், வெள்ளைக் கட்டை வாடகை வானில் ஏற்றிக் கொண்டுபோய்க் கல்முனைக் கடையில் இருந்த மற்ற வெள்ளைக் கட்டுகளுக்கு நடுவே செருகினேன். வெள்ளைக்குள் வெள்ளை, யாருக்குத் தெரியப் போகிறது? கொழும்பு புறக்கோட்டையிலிருந்து புதிதாக வந்திறங்கிய நீலப்பூ நைலக்ஸில் பதினாலு சாறியை என் கடைக் கணக்கில் எழுதிவைத்து எடுத்துக்கொண்டு, மாமா திரும்பி வருமுன்னே கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டிவிட்டேன்.

அந்தத் தாம்போதிதான் கல்முனைக்கும் எங்கள் சந்திக்கும் நடுவே உள்ள ஒரே வழி. மாரியில் அதன்மேல் தண்ணீர் ஏறினால் இந்தப் பக்கம் ஒரு தனித் தீவு.

நல்ல தட்டில், கண்மட்டத்தில், நீலம் ஏறியது. சந்தியே வந்து பார்த்தது. வியாழன் பின்னேரம் ராத்தா வந்தார். சாறியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். விலை கேட்டார். நான் சொன்னேன். மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்தார்.

"வெள்ளாமை வெட்டட்டும் தம்பி."

"அதுவரைக்கும் இது இரிக்குமா ராத்தா? சனம் பாயுது."

"ஒண்ட எடுத்து வைங்களன்."

எடுத்து வைத்தேன். நல்லதாக ஒன்றைப் பார்த்து, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, மேசைக்குக் கீழே உள்ளுக்குத் தள்ளி வைத்தேன். சனம் பாயுது என்று சொன்னது சும்மா. வெள்ளாமை வெட்டட்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கேட்கிறது வேறு, வாங்குகிறது வேறு என்று என் கொப்பிக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

எழுபத்தெட்டு நவம்பர். சூறாவளி.

அந்த இரவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பின்னேரமே தாம்போதியில் தண்ணீர் ஏறியதால் வீட்டுக்குப் போகமுடியாமல் கடையில் தங்கினேன். கூரைத் தகரம் கழன்ற பிறகு விடியும்வரை மேசைக்குக் கீழே, ராத்தாவின் பொலித்தீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெரிந்த எல்லா ஓதலையும் ஓதினேன், தெரியாததையும் ஓதினேன். என் வீரம் அவ்வளவுதான்.

விடிந்தபோது கடைக்கு மேலே வானம் இருந்தது. சந்தியில் இருந்த தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. சாரன், சீத்தை எல்லாம் சேற்றோடு சேர்ந்து சட்டிக்குள் பிசைந்தது போலக் கிடந்தது. பதின்மூன்று நீலப்பூவில் சில காணாமலே போயிருந்தன. ஒன்று தந்திக் கம்பியில் தொங்கிக் காற்றில் ஆடியது. பொம்பிளை உடுத்த சாறிபோல அல்ல. ஏதோ பெரிய பறவை அடிபட்டுத் தொங்குவதுபோல. அதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை மறைத்து என்ன? அது என் கடைசிச் சிரிப்பென்றால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் பிறகும் சிரித்தேன். மனிதன் அப்படித்தான்.

தேத்தண்ணிக்கடைக்காரர் விழுந்த மரங்களுக்கு மேலாக ஏறி இறங்கி வந்தார். சாரன் தொடைவரை சேறு. வாசல் என்று ஒன்று இல்லை. ஆனாலும் வாசல் இருந்த இடத்தில் வந்து நின்றார்.

"காக்கா! உசிரோட இரிக்கீங்களா! பாருங்க, கடைக்கு மேல்மாடி கட்டுவம் எண்டு இருந்தன், இப்ப..."

"மருமகன்" என்றார். "வெள்ளையில தாங்க."

எத்தனை யார் என்றும் சொன்னார். அந்த அளவு பெண்ணுக்குரியது. அவருடைய வீட்டில் இருந்தது ஒரே ஒரு பெண்.

நான் இறாக்கையைத் திரும்பிப் பார்த்தேன். இறாக்கை விழுந்து கிடந்தது. அது நின்றிருந்தாலும் அந்தத் தட்டில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இடத்தைத் தேடுவதுபோலச் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினேன். கொஞ்ச நேரம் துழாவினேன். அவர் பொறுமையாக நின்றார். அந்த நடிப்புக்காகத்தான் என்னை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"இல்ல காக்கா" என்றேன் கடைசியில்.

"நனைஞ்சிட்டா?"

"இல்ல. கடையிலேயே இல்ல."

அவர் கூரை இல்லாத கடைக்குள் வந்து, சேறு படிந்த மேசையின் ஓரத்தில் குந்தினார். குசினிச் சுவர் விழுந்ததாகச் சொன்னார். ஆடு கத்தியது என்று அவிழ்க்கப் போனாளாம். ஆடு நிற்கிறதாம்.

பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற லெவ்வை வந்தார். மையித்தைக் குளிப்பாட்ட மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். துணிதான் இல்லை. நாங்கள் அயலில் தேடினோம். ஒரு வீட்டில் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர் தன் கபனுக்கென்று வைத்திருந்த துணியை அன்று காலையில் தன் மகனுக்கே கொடுத்துவிட்டிருந்தார். கூரை போன தமிழ் வீடொன்றில் அலமாரிக்குள்ளிருந்து இரண்டு வேட்டி எடுத்துத் தந்தார்கள். வெளியே எடுத்து விரித்தால் வாய்க்கால் நிறம். கிணறெல்லாம் சேற்றுத் தண்ணீர். அலசினால் இன்னும் கறுத்தது. தந்தவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "காயட்டும் எண்டு நிக்க நேரமில்லையே காக்கா" என்றார். வானத்தில் வெயில் இல்லை.

தாம்போதியில் தண்ணீர். கல்முனைக் கடையில், நான் செருகி வைத்த இடத்தில், முழுக் கட்டு.

மேசைக்குக் கீழே இருந்த பையை எடுத்துக்கொண்டு வந்தேன். அதைக் கட்டவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. லெவ்வைதான் அவிழ்த்தார். சாறி ஒரு துளி நனையாமல், கடைவாசத்தோடு இருந்தது. தந்திக் கம்பியில் தொங்கியதும், வேலியில் மாட்டியிருந்த இன்னும் இரண்டும் மழையில் கழுவப்பட்டு அதற்குள் காய்ந்திருந்தன. நைலக்ஸுக்கு அந்தக் குணம் உண்டு, தண்ணீரை வைத்துக்கொள்ளாது.

லெவ்வை துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"சுத்தமா இரிக்கணும். மறைக்கணும். வெள்ளை நல்லம், ஆனா வெள்ளைதான் எண்டு இல்ல" என்றார். பிறகு, "இதுக்குள்ளால கை தெரியிது. ரெண்டு மூணா மடிச்சிப் போடணும்."

தேத்தண்ணிக்கடைக்காரர் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அவள் கேட்டதல்லோ?"

"ஓம் காக்கா."

"வெள்ளாமைக்குப் பொறகு எண்டுதானே சொன்னவள்?"

"ஓம்."

"ம்" என்றார்.

நைலக்ஸைக் கையால் கிழிக்க முடியாது. பல்லால் கீறினேன், இழுத்தேன். அது ரப்பர்போல இழுபட்டு நூல் நூலாகப் பிரிந்தது. கத்திரிக்கோலைச் சேற்றுக்குள்ளிருந்து தேடி எடுத்து, என் சேர்ட்டில் துடைத்து, வெட்டினேன். வளைந்து வளைந்து போனது. துணிக்கடைக்காரன் வெட்டியது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அயல்வீட்டுப் பெண்கள் உள்ளே கொண்டுபோனார்கள். வியாழன் பின்னேரங்களில் கூட வருகிற இரண்டு பேரும் அவர்களுக்குள் இருந்தார்கள். பின்னேர அசர் தொழுகைக்கு முன்னே அடக்கினோம். மேட்டுநிலம் தேடி, தண்ணீர் ஊறிய குழியில். இறக்கும்போது நீலம் தெரிந்தது. அவ்வளவு மங்கிய நாளில் அந்த ஒரு நிறம் மட்டும் கண்ணுக்குள் குத்தியது.

மூன்றாம் நாள் மாமா வந்தார். தாம்போதியில் நெஞ்சளவு தண்ணீர். அதில் நடந்து வந்திருந்தார். தலையில் பொலித்தீன் சுற்றிய ஒரு கட்டு. சூறாவளிக்கு மறுநாள் கல்முனையில் வெள்ளைக்கு ஆள்மேல் ஆள் வந்ததாம். கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கும்போது ஒன்று கூடுதலாக இருந்ததாம். மாமாவுக்குத் தன் கட்டுகளின் கணக்கு தெரியும். ஒன்று எப்படிக் கூடும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, அதையே தலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

கூரையில்லாத கடையில் காய்ந்த பலகை ஒன்றைத் தேடி, அதன்மேல் கட்டை இறக்கி வைத்தார். உயிரோடு இருக்கிறேனா என்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஆர் வந்த?"

பக்கத்துக் கடையைக் காட்டினேன்.

"என்ன குடுத்தீங்க?"

சொன்னேன்.

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும், நானும் "ஓம் மாமா" சொல்லியிருப்பேன், ஒரு கணக்கு முடிந்திருக்கும். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரரைப் பார்க்கப் போனார். அங்கே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து, "தகரம் அனுப்புறன்" என்றார். மறுபடி தண்ணீருக்குள் இறங்கிப் போனார். மகளிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி புடைத்தாள். அன்றைக்குப் புடைத்த அரிசியில் கல்லும் இல்லை, உமியும் இல்லை, ஆனாலும் புடைத்தாள்.

அந்த 'இல்லை' கொப்பி நனைந்து, மை கரைந்து, எல்லாப் பக்கமும் ஒரே நீலமாகிப் போனது. எறிந்துவிட்டேன்.

மாசியில் வெள்ளாமை வெட்டினார்கள். அந்த வருஷம் வெட்டுவதற்கு இருந்த கொஞ்சத்தை. தகரமும் இறாக்கையும் புதிதாகி, கடை நின்றது. சேற்றுக்குத் தப்பிய நீலப்பூ சாறி ஆறோ ஏழோ அலசி மடித்து வைத்திருந்தேன். ஒருவரும் வாங்கவில்லை. பெண்கள் வருவார்கள், அந்தத் தட்டுவரை பார்வை வரும், பிறகு வேறு பக்கம் போகும். ஒருநாள் தேத்தண்ணிக்கடைக்காரர் பிளேன்டீ கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மருமகன், அந்த நீலத்த உள்ளுக்கு வைங்க. நான் கடையில இரிந்து பாத்தா நேர தெரியிது."

அன்றே கல்முனைக்குக் கொண்டுபோனேன். இந்தமுறை மாமா கடையில் இருக்கும்போதே. அவர் வாங்கி இறாக்கையில் வைத்தார். ஒரு கிழமையில் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. கல்முனையில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அங்கே அது நல்ல சாறி.

கொஞ்ச மாதம் கழித்து நானும் தேத்தண்ணிக்கடைக்காரரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். எதையோ சொல்லி அவரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி சிரிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. வழியில் ஒரு பெண் ஏறினாள். புதிதாகக் கல்யாணம் முடித்தவள் போல, பக்கத்தில் புருஷன். நீலத்தில் வெள்ளைப்பூ. அவர் எழும்பி, பெல் அடித்து, இறங்கவேண்டிய இடத்துக்கு இரண்டு மைல் முன்னாலேயே இறங்கிவிட்டார். ஜன்னலால் பார்த்தேன். வயல் ஓரத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார். நானும் இறங்கியிருக்கலாம். இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் கடையில் வெள்ளைக் கட்டு இல்லாத நாள் இருந்ததில்லை. அதே நல்ல தட்டில், கண்மட்டத்தில். எந்தத் துணி வந்தாலும் எந்தத் துணி போனாலும் அந்தத் தட்டை நான் தொடவில்லை. இவ்வளவோடு முடிந்திருந்தால், பிழை விட்ட ஒருவன் புத்தி வந்து திருந்தினான் என்று சொல்லி முடித்திருப்பேன்.

எண்பதுகளின் நடுவில் கலவரமும் சுடுபாடும் வந்தன. மாமாவுக்குக் கண் தெரியாமல் போக, நான் கல்முனைக் கடைக்கே வந்துவிட்டேன். இரண்டு கடைக்கும் சாமான் எடுப்பது என் பொறுப்பானது. வருஷத்துக்கு இரண்டு முறை இறங்கிய கட்டு மாதத்துக்கு இரண்டு முறை இறங்கியது. பிறகு கிழமைக்கு. முதலில் இரண்டு சனமும் வந்தார்கள். பிறகு பாண்டிருப்புப் பக்கத்திலிருந்து வருகிற தமிழ் ஆட்கள் குறைந்து, ஒருநாள் நின்றே போனார்கள். அவர்களுக்கு வெள்ளை தேவைப்படாமல் இல்லை. இந்த வாசலுக்கு வரமுடியாமல் போனது. எங்கள் ஆட்களுடைய அளவுகளும் மாறின. ஓடி வருகிறவர்கள் எத்தனை யார் என்று சொல்லும்போது எனக்குக் காதை மூடவேண்டும்போல இருக்கும். சில அளவு மிகவும் சின்னது.

கடைக்காரனுக்கு விளங்காத விஷயமா? கையை வைத்துப் பார்த்தாலே தெரியும், இந்தச் சாமான் ஓடுகிறது, கூட்டி எடுக்கவேண்டும். எந்தப் புதுக் கடைக்காரனும் சொல்லுவான். ஆனால் மொத்தக்கடையில் போய் நின்று 'வெள்ளையில் ஆறு கட்டு' என்று வாயால் சொல்லவேண்டும். அது வருகிற மாதம் எங்கள் ஊரில் எத்தனை மௌத்து என்று நான் எழுதிக் கொடுப்பது போல. ஆறு என்று சொன்னால் ஆறு கட்டும் முடியவேண்டும் என்று நானே கேட்பது போல.

புறக்கோட்டை மொத்தக்கடை முதலாளி என் சிட்டையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். அண்ணன் என்பதற்கு அவருக்கு 'நானா'.

"என்ன நானா, ஒவ்வொரு முறையும் வெள்ளை ஒண்டு, வெள்ளை ஒண்டு. போன கிழமையும் ஒண்டு எடுத்தீங்க. ஒரேயடியா ஆறு எடுங்களேன், விலையும் குறைச்சுத் தாறன், லொறிக்கூலியும் மிச்சம்."

எதற்கும் ஒரு பகிடி சொல்லுகிற வாய் என்னுடையது. அவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

"ஒண்டு போதும்" என்பேன்.

அடுத்த கிழமை இன்னொன்றுக்குச் சொல்லி அனுப்புவேன்.